முதல் பஸ்ஸை ஓட்டுபவர் எந்த பஸ்ஸில் வருவார்?

காலை 4 மணிக்கு ஒரு டவுன் பஸ் டிப்போவை விட்டுக் கிளம்புகிறது. பூக்காரம்மாக்களும் கீரைக்கட்டு சுமப்பவர்களும் மார்க்கெட்டுக்குப் போவது அதில்தான். அந்த பஸ்ஸை எடுக்க வேண்டிய டிரைவரும் கண்டக்டரும் மூன்றரைக்கெல்லாம் டிப்போவில் இருந்தாக வேண்டும். கையெழுத்துப் போட வேண்டும், டிக்கெட் மெஷின் வாங்க வேண்டும், வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். சரி, ஊரின் முதல் பஸ்ஸே 4 மணிக்குத்தான் என்றால், அதை ஓட்டுபவர் எந்த பஸ்ஸில் டிப்போவுக்கு வருவார்?

ஆணாக இருந்தால் பெரும்பாலும் இந்தக் கேள்வியே எழாது. முந்தின நாள் ராத்திரியே வந்து டிப்போ ஓய்வறையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். இல்லையென்றால் டூவீலரை எடுத்துக்கொண்டு இருட்டோடு வந்து சேர்ந்துவிடுவார். அதே டூட்டி ஒரு பெண்ணுக்கு விழுந்தால்? ஓய்வறை ஒன்றே ஒன்று. அதில் வரிசையாக ஆண்கள் படுத்திருக்கிறார்கள். தெருநாய்களைத் தாண்டி, விளக்கில்லாத ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர் தனியாக வர அவர் துணிந்தாலும் வீட்டில் யாராவது ஒருவர் கதவை மறித்துக்கொண்டு நிற்பார்.

போக்குவரத்துத் துறையில் பெண்கள் என்று பேச்செடுத்தால் பலரும் "பொம்பளையால பஸ் ஓட்ட முடியுமா?" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பதில் கிடைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எம். வசந்தகுமாரி 1993ல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராகச் சேர்ந்தார். தமிழ்நாட்டின் முதல் பெண் பஸ் டிரைவர் அவர். பவர் ஸ்டீயரிங் அபூர்வமாக இருந்த காலம் அது; வளைவில் வண்டியைத் திருப்புவதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும். அப்படிப்பட்ட பஸ்களில் தொடங்கி 2017ல் ஓய்வு பெறும்வரை அவர் இந்த வேலையில் இருந்தார். ஆகவே முடியுமா முடியாதா என்பதை இத்தோடு விட்டுவிடலாம். மூன்றரை மணிக்கு டிப்போவுக்கு எப்படி வருவது என்பதுதான் இன்றைக்குப் பேச வேண்டிய கேள்வி. இதுபோன்ற கேள்விகள் இந்தத் துறையில் நிறைய இருக்கின்றன.

இடம் கொடுப்பது என்றால் என்ன?

இன்க்ளூஷன் என்ற சொல்லை இப்போது எங்கும் கேட்கிறோம். உள்ளடக்கம், உள்வாங்கல் என்றெல்லாம் தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு "இடம் கொடுப்பது" என்ற சாதாரணச் சொல்லே போதுமானதாகப் படுகிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். "வாங்க, உட்காருங்க" என்று ஒருவரை அழைத்து உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் போனால், அவர் சாப்பிட்டதாக ஆகுமா? பக்கத்து இலைகளில் சாம்பார் ஊற்றி ரசத்துக்குப் போய்விட்டார்கள், இவர் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவார். "நாங்க உட்கார வைச்சோம், அவங்கதான் எழுந்து போயிட்டாங்க" என்று வீட்டார் சொல்வது எந்த அளவுக்குச் சரியோ, "நாங்க பெண்களுக்கு வேலை கொடுத்தோம், அவங்கதான் நிக்கலை" என்று ஒரு நிறுவனம் சொல்வதும் அந்த அளவுக்குத்தான் சரி.

வேலைக்கு எடுப்பது உட்கார வைப்பது. வேலை செய்யத் தோதான ஏற்பாடுகள் இலை போடுவது. பதவி உயர்வும் சம்பளமும் பரிமாறுவது. மூன்றும் நடந்தால்தான் இடம் கொடுத்ததாக அர்த்தம். போக்குவரத்துத் துறை என்று சொல்லும்போது பஸ், லாரி, ஆட்டோ, ரயில், மெட்ரோ, கப்பல், விமானம், துறைமுகம், கிடங்கு, ஒர்க்‌ஷாப் எல்லாமே அதில் அடக்கம். பெரும்பாலும் பஸ்ஸையும் லாரியையும் வைத்தே பேசப்போகிறேன், எனக்குப் பக்கத்தில் தெரிந்தவை அவைதான்.

கிளீனர் என்ற பள்ளிக்கூடம்

பஸ் டிரைவர் வேலைக்கு விளம்பரம் வருகிறது. ஹெவி லைசென்ஸ் இருக்க வேண்டும், கனரக வாகனம் ஓட்டிய அனுபவம் இத்தனை வருஷம் இருக்க வேண்டும், இத்தனை சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஆண்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஆனால் வருகிற விண்ணப்பங்களில் பெண்கள் இருக்கமாட்டார்கள். ஏன்?

ஒரு பையன் எப்படி லாரி டிரைவர் ஆகிறான் என்று பார்த்தால் காரணம் புரியும். பதினாறு பதினேழு வயதில் சித்தப்பாவோ ஊர்க்காரர் யாரோ ஓட்டுகிற லாரியில் கிளீனராக ஏறுகிறான். டயருக்குக் கட்டை வைக்கிறான், தார்ப்பாய் கட்டுகிறான், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுக்கிறான். ஆறு மாதம் கழித்து, லோடு இறக்கின வண்டியை ஷெட்டுக்குள் நகர்த்திப் போடச் சொல்கிறார்கள். ஒரு வருஷத்தில் ஆளில்லாத பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டக் கொடுக்கிறார்கள். லைசென்ஸ் எடுக்கிற வயது வரும்போது அவன் கைக்கு வண்டி பழகியிருக்கும். இதற்கு ஃபீஸ் கிடையாது. சாப்பாடும் பேட்டாவும் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் இது. வயசுக்கு வராத பையன்களை வேலைக்கு வைப்பது தப்பு என்பது வேறு விஷயம், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நம் நாட்டின் டிரைவர்களில் பெரும்பகுதி இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்கள்தான்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு அட்மிஷன் கிடையாது. லாரி கேபினில் இரண்டு ராத்திரி, தாபாவில் கட்டிலில் ஒரு ராத்திரி என்று எந்த வீட்டில் அனுப்புவார்கள்? அதனால் "மூன்று வருஷ அனுபவம்" என்று விளம்பரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், பெண்கள் வேண்டாம் என்று தனியாக எழுதத் தேவையே இல்லை. எழுதினவருக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லாமலேகூட இருக்கலாம். விளைவு ஒன்றுதான்.

டெல்லியில் 2022ல் இந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். பெண் டிரைவர்களுக்கு உயர வரம்பை 159 சென்டிமீட்டரிலிருந்து 153 ஆகக் குறைத்தார்கள். மூன்று வருஷ அனுபவம் என்றிருந்ததை ஒரு மாதம் ஆக்கினார்கள். கூடவே கனரக வாகனம் ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி இல்லாமல் அனுபவ நிபந்தனையை மட்டும் தளர்த்தியிருந்தால் அது ஆபத்து. கிளீனர் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக ஒரு நிஜமான பள்ளிக்கூடத்தைத் திறந்ததால்தான் அது சரியானது.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரம் எதற்குக் கேட்கிறார்கள்? கால் கிளட்ச்சுக்கு எட்ட வேண்டும், ஸ்டீயரிங்குக்கு மேலே ரோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். நியாயமான தேவைதான். ஆனால் அது சீட்டின் அளவைப் பொறுத்தது. முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய சீட்டு இருந்தால் குள்ளமானவரும் அதே வண்டியை அதே பாதுகாப்போடு ஓட்டலாம். ஆணின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டு, உனக்குப் பொருந்தவில்லை என்று சொல்வதில் என்ன நியாயம்? குள்ளமான ஆண்களும் இதே சீட்டில் முதுகுவலியோடுதான் வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னையில் 1997ல் தொடங்கிய அன்யூ என்ற அமைப்பு, பெண்கள் வழக்கமாகப் போகாத வேலைகளுக்கு அவர்களைத் தயார் செய்கிறது. டிரைவிங் அதில் ஒன்று. டெல்லியில் 2008லிருந்து ஆசாத் பவுண்டேஷன் இதே வேலையைச் செய்கிறது. அவர்களுடைய பயிற்சியில் ஸ்டீயரிங் ஒரு பகுதிதான். சட்ட உரிமை, தற்காப்பு, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் சேர்ந்தே வரும். முதலில் கேள்விப்பட்டபோது இதெல்லாம் எதற்கு, நேரம் வீண்தானே என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. கிளீனராக இருந்த பையன் வண்டியை மட்டுமா கற்றுக்கொண்டான்? போலீஸ்காரரிடம் எப்படிப் பேசுவது, ஆர்டிஓ ஆபீஸில் எந்த வரிசையில் நிற்பது, நடுவழியில் டயர் வெடித்தால் யாருக்கு போன் போடுவது என்று எல்லாவற்றையும் அந்தக் கேபினில்தான் கற்றான். அதை ஒரு பெண்ணுக்கு ஆறேழு மாதத்தில் கொடுக்க வேண்டுமானால் இவ்வளவும் வேண்டும்தான்.

தண்ணீர் குடிக்காத கண்டக்டர்

எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் ஒரு பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் அக்கா ஒருவரோடு அடிக்கடி பயணம் செய்திருக்கிறேன். தோளில் பை, கையில் டிக்கெட் மெஷின், விரலிடுக்கில் மடித்த பத்து ரூபாய் நோட்டுகள். பைக்குள் ஒரு ஸ்டீல் பாட்டில் இருக்கும், அது காலையில் எப்படி நிரம்பியிருந்ததோ மதியமும் அப்படியே இருக்கும். மே மாத வெயிலில் ஒருநாள் "தண்ணியாவது குடிங்கக்கா" என்றேன். "குடிச்சா எங்கம்மா போறது?" என்றார்.

அந்த ரூட்டின் இரு முனைகளிலும் கழிப்பறை உண்டு. ஒரு முனையில் பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு முனையில் திறந்திருக்கும், தாழ்ப்பாள் இருக்காது. முனையில் வண்டி நிற்பது பத்து நிமிஷம். லேட்டாக வந்து சேர்ந்தால் அந்தப் பத்து நிமிஷமும் கரைந்துபோகும். ஆண் ஊழியர்கள் வண்டிக்குப் பின்னாலோ மதிலோரமோ ஒதுங்கிக்கொள்கிறார்கள், அதுவும் ஒரு அவலம்தான், ஆனால் அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்த அக்கா பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் வீட்டம்மாவைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தார். அவர்கள் ஊருக்குப் போன வாரத்தில் மதியம்வரை தண்ணீர் குடிக்காமலேயே சமாளித்தார். சிறுநீரில் தொற்று வந்து இரண்டு முறை விடுப்பு எடுத்திருக்கிறார். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "அந்த மூணு நாள் லீவு போட்டுடுவேன். சம்பளம் போனா போகுது."

இதை விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண்கள் அடிக்கடி லீவு போடுகிறார்கள் என்று ஒரு டிப்போ மேலாளர் கணக்கு எடுத்தால் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். அதைப் பார்த்து, பெண்களை வைத்தால் ஷெட்யூல் ஓடாது என்று அவர் முடிவுக்கு வந்தால், அங்கேதான் தப்பு. லீவுக்குக் காரணம் உடம்பு இல்லை, தாழ்ப்பாள். பத்து ரூபாய்த் தாழ்ப்பாளும், தண்ணீர் வருகிற குழாயும், குப்பைத் தொட்டியும், சாவியை வைத்திருக்கும் ஒரு ஆளும் இருந்தால் அந்தக் கணக்கே மாறிவிடும்.

ரயிலில் நிலைமை இன்னும் மோசம். நம் நாட்டில் ரயில் எஞ்சின்களில் கழிப்பறை வைக்க ஆரம்பித்ததே அண்மைக் காலத்தில்தான், இன்னும் நிறைய எஞ்சின்களில் அது இல்லை. சரக்கு ரயில் ஒரு சிக்னலில் மணிக்கணக்கில் நிற்கும், எப்போது பச்சை விழும் என்று தெரியாது. பெண் லோகோ பைலட்டுகள் எஞ்சினில் கழிப்பறை கேட்பதையும், வேறு பணிக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்பதையும் இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். அவர்களுக்கு ரயில் ஓட்ட விருப்பமில்லாமல் இல்லை.

சலுகை வேறு, ஏற்பாடு வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

கைக்குழந்தை இருக்கிற கண்டக்டர் ஒருவர், அதிகாலை டூட்டியும் இரவுத் தங்கல் டூட்டியும் வேண்டாம் என்று கேட்கிறார். நல்ல மனசுள்ள மேலாளர். "சரிம்மா, நீ ஆபீஸ்ல உட்காரு" என்று டிக்கெட் கணக்குப் பார்க்கும் மேசையில் போட்டுவிடுகிறார். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ரூட்டில் இருந்தால் கிடைக்கிற பேட்டா போயிற்று, கலெக்‌ஷன் படி போயிற்று, ஓவர்டைம் போயிற்று. ஐந்து வருஷம் கழித்துச் செக்கர் பதவிக்கோ கண்ட்ரோலர் பதவிக்கோ பார்க்கும்போது, "லைன்ல அனுபவம் இல்லையே" என்பார்கள். அந்த மேலாளர் மாறிப் போய் வேறொருவர் வந்தால், சலுகையும் போய்விடும், பேரும் கெட்டுவிடும். "ஆபீஸ்ல உட்கார்ந்து பழகினவங்க" என்று சக ஆண் ஊழியர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இவர் விட்ட இரவு டூட்டியை அவர்களில் ஒருவர்தான் சேர்த்துப் பார்க்கிறார்.

சலுகை என்பது கேட்கிறவருக்கு மட்டும், கொடுக்கிறவர் மனசைப் பொறுத்துக் கிடைப்பது. ஏற்பாடு என்பது யாரும் கேட்காமலே, எழுதி வைத்த விதியாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் இருப்பது. சின்னக் குழந்தை உள்ளவர்களோ படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்ப்பவர்களோ யாராயிருந்தாலும், இரண்டு வருஷத்துக்கு நடுப்பகல் ஷெட்யூல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ரூட்டிலேயே இருக்கலாம், சீனியாரிட்டி போகாது என்று ஒரு விதி இருந்தால் அந்தக் கண்டக்டர் மேசைக்குப் போயிருக்க வேண்டியதில்லை. டூட்டி சார்ட்டை ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். குழந்தையை யார் பார்ப்பது என்று வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ள ஒரு வாரம் கிடைக்கும். இன்று ராத்திரி 8 மணிக்குப் போன் பண்ணி நாளைக்குக் காலை 4 மணி வண்டி என்றால், மாமியார் இல்லாத வீட்டுப் பெண் என்ன செய்வார்?

இரவுத் தங்கலும் அப்படித்தான். கடைசி பஸ் கிராமத்துக்குப் போய் அங்கேயே நின்று காலையில் முதல் பஸ்ஸாகத் திரும்பும். பல ஊர்களில் டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே படுக்கிறார்கள். பெண்ணை அந்த டூட்டிக்குப் போடாமல் விடுவது சலுகை. தங்குகிற இடத்தில் பூட்டுப் போட்ட இரண்டு அறை கட்டுவது ஏற்பாடு. அறை கட்டினால் ஆண் ஊழியரும் கொசுக்கடி இல்லாமல் தூங்குவார், மறுநாள் தூக்கக் கலக்கமில்லாமல் வண்டி ஓட்டுவார், அந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் நல்லது.

இந்த ஏற்பாடு என்ற விஷயத்தை நன்றாகச் செய்து காட்டிய துறை நம் நாட்டிலேயே இருக்கிறது. உலக அளவில் விமானிகளில் பெண்கள் 5 விழுக்காடு அளவுக்குத்தான். இந்தியாவில் அது 12 முதல் 15 விழுக்காடு வரை என்று கணக்கிடுகிறார்கள், உலகத்திலேயே முன்வரிசை. என்சிசியின் விமானப் பிரிவில் கல்லூரிப் பெண்கள் சிறிய விமானங்களைத் தொட்டுப் பழக ஒரு வழி இருந்தது. கிளீனர் கேபினுக்குச் சமமான ஒரு முதல் படி அது. பிறகு விமான நிறுவனங்கள் கர்ப்பகாலத்தில் தரையில் வேலை கொடுத்து, பிரசவம் முடிந்ததும் மறுபடி காக்பிட்டுக்கு வர வழி வைத்தன. இரவு நேரப் பணிக்கு வீட்டு வாசலுக்கே கார் வருகிறது, கூடவே காவலாளும் வருகிறார். ஆக, மூன்றரை மணிக்கு வேலைக்கு எப்படி வருவது என்ற கேள்விக்கு விமான நிலையத்தில் பதில் இருக்கிறது. விமானிக்குக் கார் என்றால் கண்டக்டருக்கும் கார் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஊழியர்களை ஏற்றி வரத் தனி பஸ் விடும் டிப்போக்கள் ஏற்கெனவே உண்டு. மெயின் ரோட்டோடு போகிற அந்த வண்டி நாலு தெரு உள்ளே திரும்பி வந்தால் போதும்.

வேலையிலிருந்து உத்தியோகப் பாதைக்கு

ஒரு பெண்ணை பஸ்ஸில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்துப் போடுவது சுலபம். இருபது வருஷம் கழித்து அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்பதுதான் கஷ்டம். மகாராஷ்டிரத்தின் சாத்தாராவைச் சேர்ந்த சுரேகா யாதவ் இந்தியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர். அவர் கடந்து வந்த படிகளை வரிசையாகப் பார்த்தால் உத்தியோகப் பாதை என்றால் என்ன என்பது விளங்கும். 1989ல் உதவி ஓட்டுநர். 1996ல் சரக்கு ரயில். 2000ல் மும்பை லோக்கல் ரயில். அதன் பிறகு மலைப்பாதையில் ஓட்டுவதற்கான தனிப் பயிற்சி. 2011ல் மும்பைக்கும் புனேவுக்கும் இடையே ஓடும் புகழ்பெற்ற டெக்கான் குவீன் ரயில். 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத். 36 வருஷப் பணிக்குப் பிறகு 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பரீட்சை, ஒரு பயிற்சி, ஒரு கால அளவு ரயில்வேயில் எழுதி வைத்திருந்ததால் அவர் அடுத்த படி எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை.

கடலில் ராதிகா மேனன். கேரளத்தின் கொடுங்கல்லூர்க்காரர். ரேடியோ அதிகாரியாகக் கப்பலேறி, இந்திய வணிகக் கப்பலின் முதல் பெண் கேப்டன் ஆனார். 2015 ஜூனில் வங்காள விரிகுடாவில் புயலில் சிக்கித் தத்தளித்த மீன்பிடிப் படகிலிருந்து ஏழு பேரைக் காப்பாற்றினார். அதற்காக 2016ல் சர்வதேச கடல்சார் அமைப்பின் வீரதீர விருது கிடைத்தது. இத்தனைக்கும், உலகக் கப்பல் ஊழியர்களில் பெண்கள் எவ்வளவு என்று 2021ல் எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கு 1.2 என்று வந்தது. ஒருவர் கேப்டன் ஆகிவிட்டார் என்பதால் துறை மாறிவிட்டதாக ஆகாது.

பாதை என்றால் சம்பளமும் அதில் அடக்கம். டெல்லியில் 2024 நவம்பரில் சரோஜினி நகரில் முழுக்கப் பெண்களே நடத்தும் பஸ் டிப்போவைத் திறந்தார்கள். அதே சமயத்தில் அங்கே வேலை பார்க்கும் பெண்களே ஒப்பந்த வேலையையும் குறைந்த சம்பளத்தையும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். எனக்கு அந்தச் செய்தி ரொம்ப முக்கியமானதாகப் பட்டது. நிரந்தரமில்லாத, ஓட்டின தூரத்துக்குத் தக்கபடி கூலி கிடைக்கிற வேலையில், ஒரு பெண் பிரசவத்துக்குப் போனால் திரும்பி வருவதற்கு நாற்காலி இருக்காது. அதேபோல, தமிழ்நாட்டில் 2025 மார்ச் 8 அன்று பிங்க் ஆட்டோ திட்டம் தொடங்கியது. பெண் ஓட்டுநருக்கு 1 லட்சம் ரூபாய் மானியம். கொஞ்ச நாளிலேயே சில வண்டிகளை ஆண்கள் ஓட்டுவதாகப் புகார் வந்து, அரசு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. வண்டி வாங்கிக் கொடுப்பது பாதி வேலை. ஸ்டாண்டில் இடம் கிடைக்கிறதா, மாதத் தவணை போகக் கையில் நிற்கிறதா என்று ஒரு வருஷம் கூடவே இருந்து பார்ப்பது மீதிப் பாதி.

வேலைக்கு வெளியே இருக்கிற விஷயமும் வேலையைப் பாதிக்கும் என்பதற்குக் கொச்சி மெட்ரோ நல்ல உதாரணம். 2017 ஜூனில் அது ஓட ஆரம்பித்தபோது ஸ்டேஷன் வேலைகளைக் குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழுக்களின் பெண்களுக்குக் கொடுத்தது, திருநங்கையரையும் எடுத்தது. நாடே பாராட்டியது. ஆனால் திருநங்கையரில் சிலர் சீக்கிரமே வேலையை விட்டார்கள். ஊரில் யாரும் அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கவில்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளம் முழுக்க அதற்கே போயிற்று. வேலைக்கு எடுத்தவர்கள் தங்குமிடத்தையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்த ஏற்பாடுகளில் பல புதுக் கோரிக்கைகளே இல்லை. 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே, இரவில் தங்க வேண்டிய இடங்களில் ஊழியர்களுக்கு ஓய்வறை வேண்டும் என்று சொன்னது. வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்றும் வரம்பு வைத்தது. மகப்பேறு விடுப்பு 2017ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்தது.

பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒவ்வொரு பெண் ஊழியரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். அதைவிடச் சின்ன இடமென்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வேலை நிமித்தமாக எங்கே போனாலும் அந்த இடமும், நிறுவனம் கொடுக்கிற வண்டியும் பணியிடமாகவே கருதப்படும். முக்கியமாக, பணியிடத்தில் எதிர்ப்படும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பது நிறுவனத்தின் கடமை என்று சட்டம் சொல்கிறது. கூட்ட நெரிசலில் கண்டக்டர் மேல் கை வைக்கிற பயணியும் இதில் வருகிறார். "பஸ்ஸுனா அப்படித்தான் இருக்கும், நீதான் பார்த்துக்கணும்" என்று மேலதிகாரி சொன்னால் அவர் தன் கடமையிலிருந்து நழுவுகிறார்.

சில நாடுகளில் சட்டமே தடையாக இருந்தது. ரஷ்யாவில் பெண்கள் செய்யக்கூடாத வேலைகள் என்று 456 வேலைகளின் பட்டியல் இருந்தது. மாஸ்கோ மெட்ரோவில் பெண்கள் மறுபடி ரயில் ஓட்ட ஆரம்பித்தது 2021 ஜனவரியில்தான். சவுதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்ட 2018 ஜூனில் அனுமதி வந்தது. நாலு வருஷம் கூட ஆகவில்லை, அதிவேக ரயில் ஓட்ட 30 பெண்கள் தேவை என்று 2022ல் விளம்பரம் வந்தபோது 28,000 பேர் விண்ணப்பித்தார்கள். பெண்களுக்கு இந்த வேலைகளில் ஆர்வமில்லை என்று சொல்பவர்களிடம் நான் இந்த எண்ணைத்தான் சொல்வது வழக்கம்.

நீங்களே வரப்போகிறீர்கள் என்றால்

இதைப் படிப்பவர்களில் யாராவது ஒருவருக்கு ஸ்டீயரிங் பிடிக்கும் ஆசை இருக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம். 18 வயது முடிந்திருந்தால் முதலில் கார் லைசென்ஸுக்கு எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், போடுங்கள். 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். கார் லைசென்ஸ் கையில் வந்து ஒரு வருஷம் ஆன பிறகுதான், 20 வயதும் முடிந்திருந்தால், பஸ் லாரிக்கான எல்எல்ஆர் போட முடியும். அதனால் டிரைவர் வேலை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்காவிட்டாலும் கார் லைசென்ஸை இப்போதே எடுத்து வையுங்கள், அந்த ஒரு வருஷம் ஓட ஆரம்பிக்கட்டும். கனரக வாகனப் பயிற்சிக்குத் தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. வேலையில் சேரும்போது சம்பளம் கேட்பதோடு நிறுத்தாமல், ஓய்வறையைக் காட்டச் சொல்லுங்கள், டூட்டி சார்ட் எப்போது ஒட்டுவார்கள் என்று கேளுங்கள், புகார்க் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அப்படியென்றால் ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள், ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சொல்லிவிடுவார்.

அந்தக் கண்டக்டர் அக்காவைப் போன மாதம் பார்த்தேன். பூட்டிக் கிடந்த கழிப்பறையைத் திறந்துவிட்டார்களாம். ரூட்டில் இருக்கிற மூன்று பெண்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்ததில் நடந்திருக்கிறது. ஆண் டிரைவர்கள் நாலு பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள் என்றார். சாவி டைம் கீப்பர் மேசையில் ஆணியில் தொங்குகிறது. பேசிக்கொண்டே பையிலிருந்து ஸ்டீல் பாட்டிலை எடுத்து, பாதியைக் குடித்துவிட்டு, அடுத்த ஸ்டாப்புக்கு விசில் கொடுத்தார்.